பசுமலை பங்களாவும் நாலரை மணி மயிலும்: பத்து வருட அனுபவம்

காரின் வலது பக்கம் ரெண்டு கதவுக்கும் டிங்கரிங், பெயிண்டிங் முடித்து 5,800 ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த நேரம் பார்த்தா சென்னையிலிருந்து மாப்ள போன் பண்ண வேண்டும்? "அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம் திருப்பரங்குன்றத்துல வச்சிருக்கோம்டா, பசுமலை மேல இருக்கே வெள்ளைக்காரன் பங்களா ஓட்டல், அங்க ரெண்டு நாள் தங்கலாமா, நீதான் வருசா வருசம் போறியே" என்றான். போனில் அவனிடம் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் ஆறிவிட்டது, எழுதுகிறேன். முழுசாக ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறை எப்படி, நீச்சல்குளம் எப்படி, காலை டிபன் எப்படி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறையே கிடையாது. மதுரை நகரத்திலிருந்து ஆறு கிலோமீட்டர்தான், டி.பி.கே. ரோட்டில் ஷேர் ஆட்டோ சத்தத்தில் காது புளித்துப்போய் வண்டியை மலைப்பாதையில் திருப்பினால் நாலு வளைவுக்குள் சத்தம் காலுக்குக் கீழே போய்விடும். மேலே நின்றால் ஒரு பக்கம் மீனாட்சி கோயில் கோபுரங்கள், இன்னொரு பக்கம் திருப்பரங்குன்றம் மலை. மதுரையில் பிறந்து வளர்ந்தவனுக்கே ஊர் இவ்வளவு பச்சையா என்று சந்தேகம் வரும்.

ஆனால் நான் அங்கே போவது காட்சிக்காக இல்லை. அந்தப் பங்களா ஒரு காலத்தில் மில் மேலாளர் குடியிருந்த இடம். ஹார்வி சகோதரர்கள் 1885-ல் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீர் விழும் வேகத்தை நம்பி முதல் மில்லை ஆரம்பித்து, அப்புறம் தூத்துக்குடி, அப்புறம் மதுரை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்று வளர்த்தார்கள். பின்னாளில் மதுரா கோட்ஸ் என்று பெயர் மாறினாலும் பழைய ஆட்களுக்கு அது ஹார்வி மில்தான். தொழிலாளிகளுக்கு மலைக்குக் கீழே ஹார்விபட்டி, துரைக்கு மலைக்கு மேலே பங்களா. நானும் மாப்ளயும் ஹார்விபட்டிப் பையன்கள். எங்கப்பா முப்பத்தோரு வருடம் ஸ்பின்னிங்கில் இருந்தார். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், சின்ன வயதில் அதை நான் நரை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அந்த மலை ரோட்டில் ஏறினதே இல்லை. அதனால் முதல் தடவை வராண்டாவில் பிரம்பு நாற்காலியில் கால் நீட்டிக் காபி குடித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அந்த ஒரு மாதிரிக்காகத்தான் பத்து வருடமாகக் கல்யாண நாளுக்குக் கல்யாண நாள் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய கட்டடம் என்றால் பழைய கட்டடம்தான். எட்டாத உயரத்தில் கூரை, கை முழுக்க நீட்டினாலும் விளிம்பு எட்டாத தடிமனில் ஜன்னல் சுவர். வெயில் உள்ளே வருவதற்கே யோசிக்கும். வெள்ளைக்காரன் ஏசி இல்லாமல் மதுரை சித்திரையைத் தாண்டிய ரகசியம் இந்தச் சுவரும் இந்த வராண்டாவும் இந்த மரங்களும்தான்.

மரம் என்றதும் வந்துவிட்டது. மயில்.

ஒன்று ரெண்டு இல்லை, கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. முதல் வருடம் நானும் போட்டோ எடுத்தேன். இரவில் மரத்தில் அடைந்து, நாலரை மணிக்கு ஒன்று ஆரம்பிக்கும், அடுத்த மரத்தில் இருந்து ஒன்று பதில் சொல்லும், பிறகு மலையே சேர்ந்துகொள்ளும். மயில் அகவும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை என்றுகூட வாத்தியார் சொன்னாரே, நான் என்னமோ குயிலுக்குச் சித்தப்பா மகள் குரல் என்று நினைத்திருந்தேன். வாலை மிதித்த பூனைக்கு மைக் கொடுத்த மாதிரி இருக்கிறது. மழை மாதங்களில் இன்னும் மோசம். அந்தத் தடித்த சுவர் வெயிலை நிறுத்துகிறது, இதை நிறுத்தவில்லை. முருக பக்தன் நான், கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவன், எதிரே திருப்பரங்குன்றத்தைப் பார்த்துக்கொண்டே அவருடைய வாகனத்தைத் திட்ட வாய் கூசுகிறது. திட்டினேன்.

இந்த முறைதான் கார். செக்யூரிட்டி அண்ணன் முதல் நாளே "கருப்பு வண்டி சார், கவர் போட்டிருங்க" என்று சொன்னார். நான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது. மறுநாள் டிபன் முடித்து வந்து பார்த்தால் ஒரு ஆண் மயில் கதவில் தெரிகிற தன் உருவத்தைப் பகையாளி என்று நினைத்துக் கழுத்தைப் பின்னால் இழுத்து டொக் என்று ஒரு கொத்து, ரெண்டடி பின்வாங்கித் தலையைச் சாய்த்து அவன் இன்னும் இருக்கிறானா என்று ஒரு பார்வை, மறுபடி டொக். இடையில் எகிறிக் கால் நகத்தால் ஒரு கீறல். எங்க வீட்டம்மா பக்கத்தில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் கையை ஓங்கினால், "அது தேசியப் பறவைங்க, ஜெயில்ல போட்ருவாங்க" என்கிறார். உண்மைதான், 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. என் கார் எந்தப் பட்டியலிலும் இல்லை.

டிங்கரிங் கடைக்காரர் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, "முருகன் வந்துட்டுப் போயிருக்கார் சார்" என்றார். வந்துட்டுப் போனவர் 5,800 ரூபாயில் ஒரு பைசா குறைக்கவில்லை.

இதெல்லாம் போக, திருவிளையாடல் கதையில் இந்த மலையே நந்தி வந்து வீழ்த்திய மாயப் பசு. மிருகத்தால் தொல்லை என்பது இடத்தின் ராசி போலிருக்கிறது.

சரி மாப்ள, உனக்கு என் பதில். இவ்வளவு புகழ்ந்த பிறகு கேட்கிறாய், அதனால் நேராகவே சொல்கிறேன், போகாதே. நீ ஏசி சத்தத்துக்கே புரண்டு படுக்கிற ஆள். உங்கப்பா விஷயம் வேறு. ஹார்விபட்டி முழுக்க அதிகாலை மில் சங்குக்கு எழுந்து உட்கார்ந்தபோது, உங்கம்மா தண்ணீர் தெளித்து எழுப்பினால்தான் எழுந்தவர் அவர். இந்த மயில் அவரை ஒன்றும் செய்யாது. அவருக்கும் அம்மாவுக்கும் மட்டும் வராண்டா வைத்த பழைய கட்டடத்தில் ரூம் போடு. நீ எங்க வீட்டுக்கு வந்துவிடு, காரையும் இங்கேயே நிறுத்து.