பாதி விலைக்கு 'லங்காவி ரை' என்று வந்தால் வாங்காதீர்கள்

சுங்கை சிப்புட், கோலா கங்சார், ஈப்போ பக்கம் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தீபாவளி நெருங்கினால் வாட்சாப் குழுக்களில் "லங்காவி சரக்கு, பாதி விலை" என்று போத்தல் படங்கள் வரத் தொடங்கும். போன தீபாவளிக்கு அப்படி ஒருவரிடம் நான் இரண்டு போத்தல் ரை விஸ்கி வாங்கினேன். 280 மலேசிய வெள்ளி போனது. அதைவிட, வீட்டுக்கு வந்தவர்களுக்கு அதை என் கையாலேயே ஊற்றிக் கொடுத்தேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் பாரில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்கே திரும்பிவிட்டேன். இங்கே சுற்றிலும் செம்பனை. பழைய பால் மரங்கள் அங்கங்கே கொஞ்சம் மிச்சம். அந்த வேலையிலிருந்து நான் விடாமல் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, சொந்தக்காரர்கள் கூடும்போது, ஒழுங்காக ஒரு மன்ஹாட்டன் என்ற விஸ்கி காக்டெயில் கலந்து கொடுப்பேன். அதற்கு நல்ல ரை வேண்டும்.

ரை என்பது கோதுமைக்கும் பார்லிக்கும் உறவான, குளிர் நாட்டுத் தானியம். சில அகராதிகளில் கம்பு என்று போட்டிருப்பார்கள். நம் கம்பு வேறு, இது வேறு. மக்காச்சோளத்தில் செய்யும் பர்பன் இனிப்பாக, வெனிலா வாசத்தோடு இருக்கும். ரை மிளகு மாதிரி நாக்கைப் பிடிக்கும், கொஞ்சம் கிராம்பும் புதினாவும் கலந்த மாதிரி. மன்ஹாட்டனில் சேர்க்கும் வெர்மூத் என்ற மூலிகை ஒயினின் இனிப்புக்கும் ஐஸ் தண்ணீருக்கும் நடுவில் அமுங்காமல் நிற்பது அந்தக் காரம்தான். வெறுமனே குடிக்க ஆயிரம் விஸ்கி இருக்கிறது. கலந்து குடிக்க, கொடுக்கிற காசுக்கு ரை மாதிரி வேலை செய்வது எனக்குத் தெரிந்து வேறில்லை.

நம் ஊர்க் கடைகளில் ஸ்காட்ச், பிராந்தி, பீர் எல்லாம் கிடைக்கும், ரை கிடைக்காது. கோலாலம்பூரில் பார்த்தபோது 50 விழுக்காடு ஆல்கஹால் உள்ள அமெரிக்க ரை ஒரு போத்தல் இருநூறு வெள்ளிக்கு மேல். அந்த நேரத்தில்தான் குழுவில் ஒரு படம் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த போத்தல், லேபிளில் 50 விழுக்காடு என்று போட்டது, 140 வெள்ளி. கேட்டேன். "அண்ணே, லங்காவி சரக்கு, வரி இல்ல, அதான் மலிவு" என்றார். லங்காவி வரியில்லாத் தீவு என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மையோடு ஒட்டிய பொய் என்பதால் எளிதாக நம்பிவிட்டேன். வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினேன். அடுத்த நாள் ஒரு பையன் மோட்டாரில் வந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அப்போதே கவனித்திருக்க வேண்டியவை உண்டு. இரண்டு போத்தலிலும் கழுத்துப் பகுதியில் மட்டம் ஒன்றாக இல்லை, ஒரு விரல் வித்தியாசம். இயந்திரத்தில் நிரப்பிய போத்தல்களில் அந்த அளவுக்கு வித்தியாசம் வராது. ஒரு மூடியின் ஓரத்தில் பசை காய்ந்த மாதிரி ஒரு பளபளப்பு. இங்கே சட்டப்படி விற்கும் மதுப் போத்தலில் "மெமினும் ஆராக் போலே மெம்பஹாயாகான் கெசிஹாதான்" (மது குடிப்பது உடல்நலத்துக்கு ஆபத்தாகலாம்) என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். அது இல்லை. வரி கட்டியதற்கான சுங்கத்துறை ஸ்டிக்கரும் இல்லை. 'லங்காவி சரக்குதானே, அதனால் இருக்காது' என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஆள் லங்காவி என்ற சொல்லைப் பிடித்ததே இதற்காகத்தான். எந்தக் குறை கண்ணில் பட்டாலும் அதற்கு அந்த ஒரு சொல்லே பதிலாகிவிடும்.

தீபாவளிக்கு மறுநாள் இரவு. மச்சான் வந்திருந்தார், பினாங்கிலிருந்து தம்பி வந்திருந்தான். கிளாஸ்களைக் குளிர்பெட்டியில் வைத்து, 60 மில்லி ரை, 30 மில்லி இனிப்பு வெர்மூத், இரண்டு சொட்டு அங்கோஸ்துரா என்ற கசப்புச் சாறு ஊற்றி, ஐஸ் போட்டு அரை நிமிடம் கிண்டினேன். வடிகட்டி ஊற்றும்போதே நிறம் சரியில்லை, வெளுத்துப்போன தேநீர் மாதிரி இருந்தது. மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு மாப்ள, இனிப்பா இருக்கு" என்றார். ரை ஊற்றிய மன்ஹாட்டனுக்கு அந்தப் பாராட்டு வரக்கூடாது. நான் கொஞ்சம் வாயில் வைத்தேன். மிளகும் இல்லை, கிராம்பும் இல்லை. கேக்கில் போடும் வெனிலா எசன்ஸ் வாசம், அடியில் மருந்துக்கடை ஸ்பிரிட்டின் எரிச்சல்.

போத்தலிலிருந்து தனியாக ஊற்றி முகர்ந்தேன். அப்புறம் சமையலறைத் தராசை எடுத்தேன். இது யாரும் வீட்டில் செய்யக்கூடிய சோதனை. தண்ணீரைவிட ஆல்கஹால் லேசானது. 50 விழுக்காட்டு மது 100 மில்லி ஏறக்குறைய 93 கிராம் இருக்கும், 40 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 95. மருந்து ஊசிக்குழாயால் அளந்து ஊற்றி நிறுத்தேன், 96க்கும் மேலே காட்டியது. ஒன்று தண்ணீர் அதிகம், அல்லது சர்க்கரை கலந்திருக்கிறது; இரண்டும் இருக்கலாம். எதுவானாலும் லேபிளில் போட்ட சரக்கு உள்ளே இல்லை. யாரோ காலிப் போத்தலை வாங்கி நிரப்பி மூடியிருக்கிறார்கள்.

ஆனால் தராசு சொல்லாத ஒன்று உண்டு, அது மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். குடிக்கிற ஆல்கஹாலோடு கலந்துவிட்டால் நாக்கும் மூக்கும் அதைக் கண்டுபிடிக்காது. கொளுத்திப் பார்த்தால் தெரியும் என்பார்கள், நம்பாதீர்கள். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். அறிகுறி உடனே வராது, பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் வாந்தி, தலைவலி, பார்வை மங்கல் என்று ஆரம்பிக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மது குடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். நேபாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்தச் செய்தி எனக்கு நினைவு வந்ததும் கை நடுங்கிவிட்டது. மச்சான் ஒரு கிளாஸ் முழுக்க முடித்திருந்தார்.

அந்த இரவு யாரும் தூங்கவில்லை. விடிவதற்கு முன்பே மூன்று பேரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம், போத்தலையும் கையோடு எடுத்துப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், மதியம் வரைக்கும் உட்கார வைத்தார்கள். நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்தால் 'பார்ப்போம்' என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். வெட்கப்படவும் வேண்டாம், டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

அம்மா திட்டவில்லை. "உங்க தாத்தாவையும் ஒரு போத்தல்தான்யா கொண்டு போச்சு" என்றார், அவ்வளவுதான். லயத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் ஓடிய காலத்தை நேரில் பார்த்தவர் அவர். சம்பள நாளில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கணக்குச் சொல்வார். நம் தோட்டத்து ஆட்களுக்கு மலிவான விஷத்தை ஊற்றியே சம்பாதித்த கூட்டம் அன்றும் இருந்தது. இன்று அதே வேலையை அழகான அமெரிக்க லேபிள் ஒட்டிச் செய்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

விற்றவரைக் கூப்பிட்டேன். முதலில் "வேற போத்தல் தரேன் அண்ணே" என்றார். மருத்துவமனை போனதைச் சொன்னதும் அழைப்பைத் துண்டித்தார், எண்ணையும் தடுத்துவிட்டார். போலீஸில் புகார் கொடுத்தேன், சுங்கத்துறையிலும் சொன்னேன். பயனீட்டாளர் தீர்ப்பாயம் ஒன்று இருக்கிறது. 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் கோரிக்கை வைக்கலாம், வக்கீல் தேவையில்லை. உரிமம் உள்ள கடையில் ஏமாந்திருந்தால் நேராக அங்கே போயிருப்பேன். முகவரியும் உண்மைப் பெயரும் இல்லாத ஆள்மேல் எப்படிக் கோருவது? இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வரி கட்டாத சரக்கை வாங்கி வைத்திருப்பதே சுங்கச் சட்டப்படி குற்றம். வாங்கும்போது நான் அதை யோசிக்கவில்லை, அது என் தப்பு. லங்காவியிலிருந்து நீங்களே கொண்டு வருகிற ஒரு லிட்டர் வேறு. அங்கிருந்து வந்ததாக யாரோ வீட்டு வாசலில் விற்பது வேறு.

சரி, அப்படியானால் நியாயமான விலையில் நல்ல ரை எப்படி வாங்குவது? அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாம் விவரம் தெரியாமல் இருப்பதுதான் இந்த ஏமாற்றுக்காரர்களுக்கு மூலதனம். உரிமம் உள்ள, ரசீது தருகிற கடைக்குப் போங்கள். நான் இப்போது ஈப்போவில் வாங்குகிறேன். போத்தலைக் கையில் எடுத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். அமெரிக்கச் சட்டப்படி ரை விஸ்கி என்றால் 51 விழுக்காடாவது ரை தானியம் இருக்க வேண்டும், உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைத்திருக்க வேண்டும். 'ஸ்ட்ரெய்ட்' என்று இருந்தால் குறைந்தது இரண்டு வருடம் பீப்பாயில் இருந்தது, வாசனைப் பொருள் சேர்க்காதது. 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்றால் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நான்கு வருடமாவது முதிர்ந்தது, சரியாக 50 விழுக்காடு.

கனடாவில் கதை வேறு. அங்கே 'ரை' என்பது விஸ்கிக்கே பழைய பெயர். லேபிளில் ரை என்று போட்டிருந்தாலும் உள்ளே பெரும்பகுதி வேறு தானியமாக இருக்கலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அது ஏமாற்று இல்லை. சோடா ஊற்றிக் குடிக்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அமெரிக்க ரையின் காரத்தை எதிர்பார்த்து அதை வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். கனடா ரையைக் காட்டி அமெரிக்க ரை விலை சொல்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள், கவனம்.

கலப்பதற்கு 45 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதை எடுங்கள். ஐஸோடு கிண்டும்போது கால் பங்கு வரைக்கும் தண்ணீர் சேரும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. 40 விழுக்காட்டு ரை அதில் கரைந்து காணாமல் போகும். ரிட்டன்ஹவுஸ் 50, வைல்ட் டர்க்கி 101 ரை 50.5. புல்லெட் ரை 45தான், ஆனால் அதில் 95 விழுக்காடு ரை தானியம், வாசம் தூக்கலாக இருக்கும். இருநூறு வெள்ளி அதிகம் என்று தோன்றலாம். 700 மில்லி போத்தலில் 60 மில்லியாகப் பதினோரு கிளாஸ் வரும். கணக்குப் பார்த்தால் ஹோட்டல் விலையில் பாதிகூட ஆகாது.

வெர்மூத் கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். குலா மலாக்கா என்ற பனைவெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சிப் பாகாக்கி, ஒரு தேக்கரண்டி பாகு, 60 மில்லி ரை, இரண்டு சொட்டு அங்கோஸ்துரா, பெரிய ஐஸ் கட்டி ஒன்று. அந்தக் கருப்பட்டிப் புகை வாசமும் ரையின் மிளகும் சேரும்போது, இது நம் ஊருக்கென்றே செய்தது போல இருக்கும். லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையைப் பிழிந்தால் நல்ல விஸ்கி சவர். வெர்மூத் கிடைத்தால், திறந்த பிறகு குளிர்பெட்டியில் வையுங்கள். அது ஒயின், அலமாரியில் வைத்தால் கெட்டுவிடும். காலியான போத்தலைத் தூக்கிப் போடும்முன் லேபிளைக் கிழித்துவிடுங்கள், மூடியை நசுக்கிவிடுங்கள். பழைய போத்தல் வாங்க வருகிறவர்களிடம் முழுதாகக் கொடுக்காதீர்கள்.

பொங்கலுக்கு மச்சான் மறுபடி வந்தார். ஈப்போவில் வாங்கிய போத்தலை அவர் முன்னாலேயே திறந்து, மன்ஹாட்டன் கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், அப்புறம் இன்னொரு வாய் குடித்தார். "காரமா இருக்கே மாப்ள" என்றார்.

அந்த விற்பனைக்காரர் வேறு எண்ணில் மறுபடி வந்திருக்கிறார். படத்தில் போத்தலுக்கு அடியில் நீலப் பூப்போட்ட மேசைவிரிப்பு, அதில் வலது ஓரத்தில் சிகரெட் சுட்ட ஓட்டை ஒன்று. எனக்கு வந்த படத்திலும் அதே விரிப்பு, அதே ஓட்டை. இப்போது விலை 125 வெள்ளி.