மடெய்ரா கடற்பறவைப் படகுப் பயணம்: அலகைப் பார்த்த பிறகே பெயர்

அட்லாண்டிக் கடலிலுள்ள போர்ச்சுகலின் மடெய்ராத் தீவில், மச்சிகோ ஊரிலிருந்து கடற்பறவை காண்பதற்கென்றே புறப்படும் ஒரு படகில், ஜூன் மாதத் தொடக்கத்தில் மூன்று பிற்பகல்கள் சென்று வந்தேன். உலகில் வேறெங்குமின்றி அத்தீவின் நடுமலை விளிம்புகளில் மட்டுமே கூடுவைக்கும் சீனோ பெட்ரல் என்ற கடற்பறவையைப் பார்ப்பதே நோக்கம். அழிந்துவிட்டதாகவே கருதப்பட்ட இப்பறவை 1969இல் மீண்டும் கண்டறியப்பட்டது. 2010 ஆகஸ்டில் மலையில் பரவிய காட்டுத்தீ அவ்வாண்டுக் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றது. இன்றும் நூறு இணைகூடத் தேறாது.

படகு சிறியது, நிழலும் இல்லை, கழிப்பறையும் இல்லை. இதை முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும். பின்வரிசையில் அமர்ந்தால் அதிர்வு சற்றுக் குறையும்.

உறைந்த மீன்கழிவை வலைப்பையில் கட்டி மிதக்கவிட்டுக் காத்திருப்பதுதான் படகுக்காரர்களின் முறை. பெட்ரல்கள் மோப்பத்தால் இரை தேடுபவை என்பதால், அக்கழிவிலிருந்து நீரில் பரவும் எண்ணெய்ப் படலத்தின் வாடையைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்து அவை வந்துசேர்கின்றன. கோரி ஷியர்வாட்டர், புல்வர் பெட்ரல் ஆகிய பிற கடற்பறவைகள் சலிக்கும் அளவுக்கு வந்தன.

இச்சேவையின் உண்மையான மதிப்பு வழிகாட்டியிடம் இருக்கிறது. அருகிலுள்ள பூஜியோ தீவில் கூடுவைக்கும் டெசர்டாஸ் பெட்ரலும் அதே சாம்பல் முதுகும் வெண்வயிறும் கொண்டு அதே கடலில் திரிவதால், வில்போல் எழுந்து தாழ்ந்து விரையும் பறவையை வெறும் கண்ணால் பிரித்தறிவது ஏறத்தாழ இயலாத காரியம். சீனோவின் அலகு மெலிந்தது, டெசர்டாஸின் அலகு தடித்தது. சீனோ பறவைகள் சிலவற்றில் இறக்கையின் அடிப்பக்கத்தில் வெளிறிய பட்டை தெரியும், ஆனால் எல்லாவற்றிலும் தெரியாது. ஆகவே ஒளிப்படத்தைப் பெரிதாக்கி அலகைப் பார்க்கும்வரை அவர் பெயரையே உச்சரிக்கவில்லை. விரைவாகக் குவியும் கேமரா இல்லாமல் செல்பவர் பாதிப் பயனையே பெறுவார். வேடிக்கை என்னவென்றால், நிறுவனத்தின் விளம்பரத் தாளில் சீனோ என்று அச்சிட்டிருக்கும் பறவையின் அலகு தடித்தே இருக்கிறது. காட்டியபோது வழிகாட்டி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் நாளில் இரண்டு பறவைகள் படகருகே கடந்தன. முதலாவது சீனோதான் என்பதைப் படங்கள் உறுதிசெய்தன. மற்றது சூரியனுக்கு எதிரே பறந்ததால் அலகு தெளிவாக விழவில்லை. பதிவேட்டில் அதற்கு நேரே "சீனோ அல்லது டெசர்டாஸ்" என்றே அவர் எழுதினார். பணம் கொடுத்துச் சென்ற எனக்கும் அதில் குறையில்லை.