முத்துவுடன் ஐம்பது இரவுகள்: பேட்மன்ஸ் பே அருகே ஒரு கேரவன் பார்க்

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் வசிப்பவர்கள் "கோஸ்ட்டுக்குப் போகிறோம்" என்று சொன்னால், பெரும்பாலும் பேட்மன்ஸ் பேயையும் அங்கிருந்து தெற்கே நீளும் கடற்கரையையும்தான் சொல்கிறார்கள். கிங்ஸ் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு. பங்கெண்டோரையும் பிரெய்ட்வுட்டையும் கடந்து கிளைட் மலையின் செங்குத்தான வளைவுகளில், காரின் பின்னால் கேரவனை (சக்கரங்கள் பொருத்திய சிறு வீட்டு வண்டியை) இழுத்துக்கொண்டு, தாழ்ந்த கியரில் நிதானமாக இறங்கினால் கடல் வந்துவிடும். நாங்கள் எங்கள் நாய் முத்துவுடன் 2020 அக்டோபரில் முதன்முறையாக அங்குள்ள ஒரு கேரவன் பார்க்கில், அதாவது கேரவன்களை நிறுத்தித் தங்க வாடகைக்கு இடம் தரும் வளாகத்தில், தங்கினோம். அதற்கு முந்தைய கோடையின் காட்டுத்தீயில் அந்த நெடுஞ்சாலை வாரக்கணக்கில் மூடப்பட்டிருந்தது. நாங்கள் சென்றபோது கரிந்த யூகலிப்டஸ் மரங்களின் அடியிலிருந்து உச்சிவரை, கிளைகளே இல்லாத தண்டுகளிலும், பச்சை இலைக்கொத்துகள் மயிர்போல் முளைத்திருந்தன. அதன்பின் அதே பார்க்கில் 14 முறை, மொத்தம் 50 இரவுகளுக்கு மேல் தங்கிவிட்டோம். நாயுடன் கேரவன் பயணம் தொடங்க நினைப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி விவரம் கேட்பதால், அந்த அனுபவத்தை முறையாக எழுதி வைக்கிறேன். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தக் கரையோரத்தின் எந்தப் பார்க்குக்கும் பொருந்தும். அதனால் பார்க்கின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

"செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு" என்ற ஒரே சொற்றொடருக்குள் எத்தனை வேறுபட்ட நிலைமைகள் அடங்கியிருக்கின்றன என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் தங்கும் பார்க்கில் மின்இணைப்புள்ள கேரவன் இடங்களில் இரண்டு வரிசைகளுக்கு மட்டுமே நாயைக் கொண்டுவரலாம், கேபின்களில் கூடாது. சமையற்கூடம், குளியலறைக் கட்டடம், நீச்சல்குளம், குழந்தைகள் விளையாடும் பகுதி ஆகிய எதற்குள்ளும் நாய் நுழையக் கூடாது. எந்நேரமும் வாரில் கட்டியே வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நாயை இடத்தில் தனியாக விட்டுவிட்டு ஒருவரும் வெளியே போகக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் நாளின் ஒழுங்கையே மாற்றிவிடுகிறது. காலையில் என் மனைவி குளித்துவிட்டு வரும்வரை நான் காத்திருப்பேன். பிறகு என் முறை. ஊருக்குள் சாப்பிடப் போனால் வெளியே மேசை போட்ட கடையாகத்தான் தேட வேண்டும். கிளைட் ஆற்றின் சிப்பிகளை ஊரின் பெயர்போன கடைகளில் உட்கார்ந்து உண்ணும் ஆசை எங்களுக்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் நிறைவேறியது. அந்த முறை மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார், "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க மாப்பிள்ளை, நான் பிள்ளையைப் பாத்துக்கறேன்" என்று முத்துவின் அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் செய்த தவறிலிருந்து மற்றவர்கள் பயன்பெறலாம். முதல் இரண்டு முறை கடல் தெரியும் மூலை இடத்தையே ஆவலுடன் கேட்டு வாங்கினோம். அந்த மூலையின் பின்புறம்தான் கடற்கரைக்குப் போகும் நடைபாதை இருந்தது. விடியற்காலை ஐந்தரை மணி முதல் மற்ற நாய்கள் எல்லாம் எங்கள் வண்டியை உரசியபடி நடந்து போயின. முத்து கெல்பி கலப்பு. ஆட்டு மந்தையை மேய்க்கப் பிறந்த இனம். அவன் ஒவ்வொரு நாய்க்கும் குரல் கொடுத்தான், அண்டை வண்டிகளில் விளக்குகள் எரிந்தன. மூன்றாம் முறை முதல், ஒருபுறம் மரவேலி உள்ள உள்வரிசை இடத்தைக் கேட்கத் தொடங்கினோம். அங்கே கடல் தெரியாது. ஆனால் பிற்பகல் முழுவதும் ஸ்பாட்டட் கம் மரங்களின் நிழல் கிடைக்கிறது, நாய் நிம்மதியாக உறங்குகிறது. கேரவனின் பக்கவாட்டில் விரிக்கும் துணிக்கூரையான ஆனிங்கையும் நாயின் நீர்ப்பாத்திரத்தையும் மரக்கிளைகளுக்கு நேர் கீழே அமைக்க வேண்டாம். இவ்வகை மரங்கள் காற்றே இல்லாத நாளிலும் கிளையை உதிர்க்கக் கூடும். புதிதாகக் கேரவன் வாங்கியவர்களுக்கு மற்றொரு செய்தி: பார்க்குகளின் மின்கம்பத்தில் இருப்பது 15 ஆம்பியர் இணைப்பு, அதன் பிளக்கில் எர்த் முனை சற்று அகலமாக இருக்கும். வீட்டில் பயன்படுத்தும் சாதாரண நீட்டிப்புக் கம்பி இதற்கு உதவாது. உரிய கம்பியை வாங்கிவிட்டே புறப்பட வேண்டும்.

கடற்கரை விஷயத்தில் ஊராட்சி வைத்திருக்கும் பலகையே இறுதி வார்த்தை. சில கரைகளில் நாய்களை அவிழ்த்துவிடலாம், சிலவற்றில் குறிப்பிட்ட மணி நேரத்தில் மட்டும், சிலவற்றில் ஒருபோதும் இல்லை. ஒரே கரையின் இரு முனைகளுக்கு இருவேறு விதிகள் இருப்பதும் உண்டு. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை ஹூடட் ப்ளோவர் என்னும் சிறு பறவை வெறும் மணலில் ஒரு குழியைக் கீறி அதிலேயே முட்டையிடுகிறது. இந்தக் கரை அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அது அழிவின் விளிம்பில் உள்ள பறவை. அதன் முட்டை மணலின் நிறத்திலேயே புள்ளிகளுடன் இருப்பதால் பத்தடி தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியாது. கயிறு கட்டி வேலியிட்ட அந்தச் சிறு பரப்பைக் கண்டால், அவிழ்த்துவிடும் அனுமதி உள்ள இடமானாலும், நாங்கள் முத்துவை வாரில் மாட்டி ஈர மணலோரமாக நடத்திச் செல்வோம். ஓர் அடைகாக்கும் பறவையை நாய் ஒருமுறை எழுப்பி ஓட்டினால், வெயிலில் அந்த முட்டைகள் வெந்துவிடக் கூடும்.

தேசியப் பூங்காக்கள் நாயுடன் செல்பவர்களுக்கு இல்லை என்றே கொள்ள வேண்டும். வடக்கே முரமராங், தெற்கே யூரோபொடல்லா என்று மிக அழகான கரைகள் பல பூங்கா எல்லைக்குள் இருக்கின்றன. காருக்குள் உட்கார்ந்திருக்கும் நாய்க்கும் அங்கே அனுமதி கிடையாது, உதவி நாய்களுக்கு மட்டுமே விலக்கு. முதலாம் ஆண்டில் இது எனக்கு வருத்தமாக இருந்தது. கங்காருக்கள் பார்க்கின் புல்வெளிக்கே அந்தி நேரத்தில் மேய வரும்போது முத்துவின் வார் என் கையில் எப்படி இறுகுகிறது என்பதைப் பார்த்தபின், அந்த விதியின் நியாயம் எனக்கு முழுமையாக விளங்கியது.

இனி உண்ணியைப் பற்றி. இந்தப் பகிர்வை எழுத என்னைத் தூண்டியதே இதுதான். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரத்தில் பக்கவாத உண்ணி என்று ஒன்று உண்டு. நம் ஊர் மாட்டு உண்ணியைப் போல அது வெறுமனே இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை; கடித்துத் தங்கிய சில நாட்களில் அதன் உமிழ்நீரிலுள்ள நஞ்சு நாயின் தசைகளை ஒவ்வொன்றாகத் தளரச் செய்கிறது. 2022 நவம்பரில் நாங்கள் அங்கே சென்ற ஐந்தாம் நாள் மாலை, கேரவனின் ஒற்றைப் படியில் ஏறும்போது முத்துவின் பின்னங்கால் வழுக்கியது. ஈர மணல் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் அவன் குரைத்தான். அந்தக் குரல் அவனுடையதாகவே இல்லை, தொண்டையில் துணியை அடைத்ததுபோல் மெலிந்து கரகரத்தது. என் மனைவி நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, மூக்கு நுனியிலிருந்து தொடங்கி, மயிரை எதிர்த்திசையில் தள்ளித் தள்ளி விரல்நுனிகளால் தடவிக்கொண்டே வந்தாள். இடது காதுக்குக் கீழே, கழுத்துப்பட்டை மறைத்திருந்த இடத்தில், ஒரு பட்டாணி அளவில் சாம்பல் நிறத்தில் அது புடைத்திருந்தது. கால்கள் எல்லாம் தலைப்பக்கமாகக் குவிந்திருந்தன.

அன்றிரவே விலங்கு மருத்துவமனையில் சேர்த்தோம். நஞ்சுமுறிவு ஊநீர் செலுத்தி இரண்டு இரவுகள் வைத்திருந்தார்கள். செலவு 2000 டாலரைத் தாண்டியது. மாதாந்திர உண்ணித் தடுப்பு மாத்திரையை நாங்கள் பதினொரு நாட்கள் தாமதப்படுத்தியிருந்தோம். அந்தத் தவறு முழுக்க எங்களுடையது. வழியில் நீர் கொடுக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டபோது, விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கும், உணவோ நீரோ மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், ஒன்றும் கொடுக்காமல் குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் வைத்துக் கொண்டுவாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். இதை ஒவ்வொரு நாய் வளர்ப்பவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று முதல் அங்கே தங்கும் ஒவ்வொரு இரவும், மாத்திரை கொடுத்திருந்தாலும், கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, காதின் மடிப்பு, உதட்டின் உட்புறம், விரலிடுக்கு, வாலடி என்று பத்து நிமிடம் கையால் தேடுகிறோம். வீடு திரும்பிய பிறகும் ஒரு வாரம் இது தொடரும்.

அந்தக் காடுகளில் குட்டை ஈச்சமரம்போல் அடர்ந்து வளரும் பர்ரவாங் என்ற செடியையும் அடையாளம் தெரிந்து வைத்திருங்கள். பழுத்ததும் அதன் விதைகள் செம்மஞ்சள் நிறத்தில் தரையெங்கும் உருண்டு கிடக்கும். நாய் அவற்றைக் கடித்து விழுங்கினால் ஈரல் கெட்டுவிடும். கோடையில் பாம்புகளும், அலை ஒதுக்கும் நச்சுப் பேத்தை மீன்களும் உண்டு. வார் குட்டையாக இருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம்.

பார்க்கின் மீது எனக்கு இன்றும் தீராத மனக்குறை ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் இறுதி வாரத்துக்கு எட்டு மாதங்கள் முன்பே, நாயையும் குறிப்பிட்டு, முன்பணம் கட்டியிருந்தோம். நவம்பர் நடுவில், விடுமுறைக் காலத்தில் இனி நாய்களுக்கு அனுமதி இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. நெரிசல் மிகுந்த கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வாரங்களில் நாய்களை மறுக்கும் பார்க்குகள் பல உண்டு. அந்த விதியில் எனக்கு மறுப்பில்லை. ஏற்கெனவே உறுதிசெய்த பதிவுகளுக்கும் அதைப் பொருத்தியது சரியில்லை. பணம் முழுதாகத் திரும்பி வந்தது, ஆனால் அந்த நேரத்தில் கரையோரம் முழுவதும் நாயுடன் தங்க வேறு இடமே கிடைக்கவில்லை. நாங்கள் அந்த விடுமுறையை வீட்டிலேயே கழித்தோம். இதனால்தான், பதிவு செய்யும்போது "எந்தத் தேதிகளில் நாய்க்கு அனுமதி இல்லை, இந்த விதி மாறினால் என் பதிவு என்னவாகும்" என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துமாறு எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

இத்தனைக்கும் பிறகு ஏன் அதே இடத்துக்குச் செல்கிறோம் என்று கேட்டால், பராமரிப்புதான் காரணம். நாயைக் கழுவ இளஞ்சூட்டு நீர் வரும் தொட்டி எப்போதும் சுத்தமாக இருக்கிறது. கழிவுப் பைகள் தீர்ந்துபோய் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சாதாரண வார நாளில் இடத்துக்கு 2020இல் 42 டாலர் கொடுத்தோம், இந்த ஆண்டு 58. நாய்க்கெனத் தனியாக இரவுக்கு 5 டாலர். உண்ணிக் காலமான வசந்தத்தையும் (அங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை) நெரிசலான கோடையையும் (டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) இப்போது நாங்கள் தவிர்த்துவிடுகிறோம். ஏப்ரல் பாதிக்குப் பிறகு, ஈஸ்டர் கூட்டம் கலைந்தபின், கடல்நீரில் கோடையின் வெதுவெதுப்பு இன்னும் மிச்சமிருக்கும், பார்க்கில் பாதி இடங்கள் காலியாகக் கிடக்கும். தெற்கிலிருந்து வரும் குளிர்காற்று மட்டும் திடீரென்று எழும். ஆனிங்கை மணலுக்குரிய நீண்ட முளைகளால் இறுக்கிக் கட்டாவிட்டால் நள்ளிரவில் எழுந்து சுருட்ட நேரிடும்.

முத்துவுக்கு இப்போது பத்து வயது. படியில் ஏற நாங்கள் ஒரு சாய்பலகை செய்து வைத்திருக்கிறோம். அடுத்த மே மாதம் ஆறு இரவுகளுக்கு, அதே மரவேலி ஓரத்து இடத்தைப் பதிவு செய்தாயிற்று. நாய்க்கு அனுமதி என்ற வரியோடு வந்த மின்னஞ்சலை அச்சிட்டு கேரவன் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.