குளிர் கோடைக்கு எந்தத் தக்காளி: குட்டையா, கொடியா, விதையில்லாததா?

விதைப் பாக்கெட்டில் "50 நாள்" என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் பலரும் ரகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கணக்கு நாற்றை நட்ட நாளிலிருந்து ஓடுவது, அதுவும் கதகதப்பான கோடையை மனதில் வைத்துப் போட்டது. கோடையிலும் குளிரும் இடங்களில் இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூக்காம்பு மஞ்சளடித்து கணுவோடு உதிர்ந்துவிடும். அப்புறம் 50 நாளாவது, 60 நாளாவது! அதனால் நான் முதலில் கேட்பது, இந்த ரகம் குளிரில் காய் பிடிக்குமா என்பதைத்தான்.

சப்-ஆர்க்டிக் பிளென்டி என்ற ரகம் அதற்காகவே கனடாவின் ஆல்பர்ட்டாவில், பீவர்லாட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. குட்டைச் செடி, குச்சி கட்டும் வேலை அதிகமில்லை, குளிர் இரவில் துணி போர்த்தி மூடிவிடலாம். குறை என்னவென்றால் மொத்தக் காயையும் கிட்டத்தட்ட ஒரே வீச்சில் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும், அந்த நேரம் பார்த்து மூட்டமும் மழையுமாக இருந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். சுவையும் சுமார்தான்.

செக் நாட்டு ரகமான ஸ்டூபிஸ் அப்படியில்லை. உருளைக்கிழங்கு இலை மாதிரி அகன்ற இலையோடு வளரும் கொடி வகை. முதல் பழம் சில நாள் தாமதமானாலும் கொத்துக்கு மேல் கொத்து வைத்துக்கொண்டே போகும். ஒரு வாரம் குளிரில் பூ கொட்டினாலும் அடுத்த கொத்து காப்பாற்றிவிடும். பழம் சின்னது, ஆனால் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த நிஜத் தக்காளிச் சுவை. எப்போது வெயில் வரும் என்றே தெரியாத இடத்தில் இந்த நிதானம்தான் எனக்கு வேண்டும்.

மூன்றாவது வழி அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேகட் உருவாக்கிய சைலெட்ஸ், லெஜண்ட் போன்றவை. மகரந்தம் சேராமலேயே காய் பிடிக்கும். முதலில் வரும் பழத்தை அறுத்துப் பார்த்தால் விதை இருக்க வேண்டிய அறைகளில் ஒன்றிரண்டு விதைகூடத் தேறாது, சதைதான். பெரிய பழம் வேண்டுமென்றால் யோசிக்காமல் இந்தப் பக்கம் போங்கள். லெஜண்ட் பின்கருகல் நோயையும் ஓரளவு தாங்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் அந்த நோய் ஒரு வாரத்தில் தோட்டத்தையே கறுக்கடித்துவிடும் என்பதால் அந்த 'ஓரளவு' சின்ன விஷயமில்லை.

சன்கோல்டு? செர்ரி வகை, பழம் சிறிதென்பதால் சீக்கிரம் பழுக்கும், இனிப்பில் மற்றவை பக்கத்தில் வர முடியாது. மழை பெய்தால் தோல் வெடிக்கும். வீரிய ஒட்டு ரகம் என்பதால் விதை எடுத்து வைத்தால் அதே பழம் வராது.

ஒரே ஒரு ரகத்துக்குத்தான் இடம் என்றால் ஸ்டூபிஸ். இரண்டு என்றால் கூடவே லெஜண்ட், நோய்க்காக. சரி, எதை நட்டாலும் பருவக் கடைசியில் காயைச் செடியிலேயே விட்டு வைக்காதீர்கள். அடிப்பக்கம் லேசாகச் சிவக்கத் தொடங்கிய செங்காய்ப் பதத்திலேயே பறித்து வீட்டுக்குள் 18, 20 டிகிரியில் வையுங்கள், பழுக்க வெளிச்சம் தேவையில்லை. 10 டிகிரிக்குக் கீழே பல இரவு செடியில் கிடந்த பச்சைக்காய்க்கு, பிறகு எவ்வளவு கதகதப்பாக வைத்தாலும் நிறம் ஒழுங்காக ஏறாது.