ஃபிட்னஸ் பேண்ட், ஸ்டாப்வாட்ச், பிளாஸ்டிக் நாற்காலி: ஒரே வீட்டில் மூன்று வயதினரை அளந்து பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டுக்கு, மணிக்கட்டில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எனக்கு நாற்பது தாண்டியாயிற்று, அம்மாவுக்கு எழுபது தாண்டியாயிற்று, பையன் இரண்டாம் வகுப்பு. மூன்று பேரும் கட்டிப் பார்த்தோம். என் கையில் மட்டும்தான் அது நிலைத்தது. எவ்வளவு நடமாடுகிறோம் என்பதைத்தான் பேண்ட் எண்ணும், உடம்பால் என்னென்ன செய்ய முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. என் வயதுக்கு முதல் கணக்கு ஓரளவு போதும். அம்மாவுக்கும் பையனுக்கும் போதவில்லை.

மணிக்கட்டின் அசைவை வைத்துத்தான் நாம் எடுத்து வைக்கும் அடிகளைப் பேண்ட் ஊகிக்கிறது. கை வீசி நடந்தால் கணக்கு நன்றாகவே வருகிறது. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு சந்தையிலிருந்து வந்தால் பல அடிகள் காணாமல் போகும். நாளைக்கு 10,000 அடி என்ற இலக்கை நான் விட்டு நாளாகிறது. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியோடு பரவிய எண் அது, ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த அளவல்ல. நான் பார்ப்பது வேகத்தை. நிமிடத்துக்கு நூறு அடி போட்டு நடந்தால், பெரியவர்களுக்கு அது மிதமான உடற்பயிற்சி என்று எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் அப்படி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அதற்குப் பேண்ட் கச்சிதம். ஓய்விலிருக்கும்போதான இதயத் துடிப்பையும் மாதக்கணக்கில் பார்த்தால் ஏதோ புரிகிறது. கலோரிக் கணக்கை நம்பி ஒரு வடைகூடச் சாப்பிட மாட்டேன்.

அம்மா விஷயத்தில் பேண்ட் கிட்டத்தட்ட உபயோகமில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மாடி ஏறுபவரின் கை அசைவதே இல்லையே, அடி எப்படி விழும்? அவருக்கு உதவியது நாற்காலிச் சோதனை. கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி, எழுபதுகளில் இருக்கும் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு, விழும் ஆபத்து உண்டு. கூடவே இன்னொன்று: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்பது கட்டாயம்.

“இந்த வயசுல எனக்கென்னடா பரீட்சை?” என்று அலுத்துக்கொண்டவர், இப்போது “இந்த மாசம் இன்னும் எண்ணலையே” என்று அவரே கேட்கிறார். முழங்கால் வலிக்காகப் பிசியோதெரபி பயிற்சிகள் ஆரம்பித்த பிறகு, ஒற்றை இலக்கத்தில் இருந்தவர் பத்தைத் தாண்டினார். அந்த மாதங்கள் முழுக்கப் பேண்டில் அவருடைய அடிகள் அப்படியே இருந்தன.

தரையில் உட்கார்ந்து எழும் சோதனையும் உண்டு. பிரேசிலில் உருவானது. மொத்தம் பத்து மதிப்பெண், கையையோ முட்டியையோ ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று குறையும். அரிவாள்மனையில் காய் நறுக்கிப் பழகிய தலைமுறைக்கு இது சுலபம் என்று நினைப்போம். மூட்டு வலி வந்தபின் அப்படி இல்லை. அம்மாவை நான் இதற்கு வற்புறுத்துவதில்லை.

பையன் கதை வேறு. பேண்டைக் கட்டிவிட்டால் சோபாவில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டி இலக்கை முடித்துவிடுகிறான்! அந்த வயதில் பார்க்க வேண்டியது அசைவின் நேர்த்தி. 3 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கான டிஜிஎம்டி என்ற அசைவுத்திறன் சோதனையில் 13 திறன்கள் இருக்கின்றன. எவ்வளவு தூரம் எறிந்தான் என்று அது கேட்காது. வலக்கையால் எறியும்போது இடக்கால் முன்னே வருகிறதா, இடுப்பும் தோளும் திரும்புகின்றனவா என்று பார்க்கும். ஒற்றைக்காலில் குதிக்கும்போது தூக்கிய கால் முன்னே வீசி உந்துகிறதா என்று பார்க்கும். முறையாக மதிப்பெண் போடப் பயிற்சி வேண்டும், அதை நான் செய்யவில்லை. செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தாலே நிறையத் தெரிகிறது. வலக்காலில் தெரு முழுக்க நொண்டியடிப்பவன் இடக்காலில் சில குதிப்பிலேயே தடுமாறினான். பாண்டி ஆட ஆட அது சரியாகி வருகிறது. பள்ளிகளுக்கான ஃபிட் இந்தியா சோதனையில் சின்ன வகுப்புகளுக்கு ஒற்றைக்கால் சமநிலையும், இரண்டு தட்டுகளைக் கையால் மாறி மாறி வேகமாகத் தட்டுவதும் வைத்திருக்கிறார்கள், நல்ல தேர்வு. ஆனால் ஒற்றைக்காலில் நிற்பதும் ஒற்றைக்காலில் குதிப்பதும் ஒன்றல்ல.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: உங்களுக்காக என்றால் விலை குறைந்த பேண்டே போதும், எனக்கு இதுவரை மாற்ற நேர்ந்தது ஸ்ட்ராப் மட்டும்தான். பெற்றோருக்குப் பரிசாகக் கொடுக்க நினைத்தால் அந்தப் பணத்தில் கைப்பிடியுள்ள, ஆடாத மர நாற்காலி ஒன்று வாங்குங்கள். சோதனையின்போது மட்டும் கைப்பிடியைத் தொடக் கூடாது. நெஞ்சுவலி, தலைசுற்றல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும்.