அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம்: ஹோம் நர்சிங் ஏஜென்சி பற்றி ஒரு எச்சரிக்கை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதானவர்கள் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருந்து, பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படித்துவிடுங்கள்.

அப்பாவுக்கு வயது 79. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே முகம் மழித்து, குளித்து, துவைத்த சட்டை போட்டுத் தயாராகிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அது மாறவில்லை. போன ஆனி மாதம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறுகிறது, ஆனால் நினைவும் புத்தியும் முழுத் தெளிவு. அம்மா காலமாகிவிட்டார். அண்ணன் ஷார்ஜாவில் இருக்கிறான். நான் தினமும் தஞ்சாவூருக்கு ரயிலில் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று மருத்துவமனை லிஃப்ட் பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் கார்டு கொடுத்தார். 'பயிற்சி பெற்ற ஆண், பெண் நர்சுகள், 24 மணி நேர சேவை' என்று போட்டிருந்தது. மறுநாளே ஆள் வேண்டும் என்ற அவசரத்தில் நான் வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை. பதிவுக் கட்டணம் 3,000, ஒரு மாதச் சம்பளம் 27,000, இரண்டும் முன்பணம். ஜிபேயில் அனுப்பச் சொன்ன எண் ஒரு தனி நபர் பெயரில் இருந்தது. ரசீது கேட்டதற்கு 'வாட்ஸப்ல அனுப்பறோம் மேடம்' என்றார்கள். வரவே இல்லை.

முதலில் வந்தது ஒரு பையன். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். நல்ல பையன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது அந்தச் செயலிழந்த இடது கையைப் பிடித்து இழுப்பான். எனக்கும் அப்போது விஷயம் தெரியாது. ஃபிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துவிட்டு, 'இப்படி இழுத்தால் தோள்பட்டை மூட்டு நழுவிவிடும், இதற்கா நர்ஸ் வைத்தீர்கள்?' என்று என்னைத்தான் கேட்டார். அன்று இரவு பையனிடம் பேசினேன். அதற்கு முன் ஜவுளிக்கடையில் வேலை பார்த்திருக்கிறான். பயிற்சி என்பது ஏஜென்சி அறையில் அரை நாள் ஏதோ வீடியோ காட்டியது. எங்களிடம் வாங்கும் 27,000 ரூபாயில் அவன் கைக்குப் போவது 13,000. வாரவிடுப்பு கிடையாது, இரவும் பகலும் ஒரே ஆள். அப்படித் தூங்காமல் நிற்கிற பையனிடம் பொறுமையை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? பத்தொன்பதாம் நாள், தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போய்விட்டான். அடுத்த ஆள் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளுக்கும் காசு கழிக்கவில்லை.

இரண்டாவதாக வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வந்த அன்றே, 'மேடம், டயப்பர் ஒரு பாக்கெட் வாங்கி வச்சிடுங்க' என்றார். அப்பாவுக்கு மூத்திரக் கட்டுப்பாடு நன்றாகவே இருந்தது. கை கொடுத்தால் பாத்ரூம் வரை நடந்து போவார், அப்படி நடப்பதுதான் அவருக்குப் பயிற்சியும். நான் தயங்கியதற்கு, 'கீழே விழுந்துட்டா யார் பொறுப்பு?' என்றார். பயந்துபோய் வாங்கிக் கொடுத்தேன். இந்தப் பதிவில் நான் அதிகம் வருந்துவது இதற்காகத்தான். மூன்றாம் நாள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, வார்த்தையைத் தேடித் தேடி, 'நான் கூப்பிடறேம்மா. அவன் வர மாட்டேங்கறான்' என்றார். 'அதுலயே போ' என்பது அந்த ஆளின் பதில். எழுபத்தொன்பது வயது மனிதரை ஒருமையில்! மருந்து கொடுத்தாரா, சாப்பாடு கொடுத்தாரா என்று நானும் மாலையில் வந்து கேட்பேன். 'ஏன் அப்பா பேசுவதைக் குறைத்துவிட்டார்' என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடிந்து இரண்டு மணி வாக்கில் வீட்டுக்கு வந்தேன். தெருக் கேட் திறந்து கிடந்தது. முன்வாசலில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்து, செடிக்கு விடுகிற டியூபால் அவர்மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார் அந்த ஆள். அப்பா உடம்பில் ஒரு துணி கிடையாது. சுவாதீனமாக இருக்கும் வலது கையால் தன்னை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அப்பா சொன்னது, 'நீ உள்ள போம்மா.' கொடியில் கிடந்த துண்டை எடுத்துப் போர்த்திவிட்டு, முதலில் கேட்டைச் சாத்தினேன். 'பாத்ரூம்ல இடம் பத்தல, இதுதான் ஈஸி' என்றார் அந்த ஆள். குரலில் ஒரு தயக்கமும் இல்லை.

அன்று அப்பாவைத் துடைத்துவிடும்போதுதான் முதுகுத் தண்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்ததைப் பார்த்தேன். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் கட்டம் அது என்று மருத்துவர் சொன்னார். தானாகத் திரும்ப முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ஈரத்திலேயே தோல் ஊறக்கூடாது. எங்கள் வீட்டில் இரண்டும் நடக்கவில்லை. நல்லவேளை, தோல் பிய்வதற்கு முன் பார்த்துவிட்டோம். சிவப்பு மறைய மூன்று வாரம் ஆனது.

மறுநாளே அந்த ஆளை அனுப்பிவிட்டேன். இரண்டாம் மாதத்துக்கான 27,000 ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார்கள். அதில் பன்னிரண்டு நாள்தான் ஓடியிருந்தது. நாளுக்கு 900 வீதம் மீதி 16,200 ரூபாயைக் கேட்டேன். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்த ஒரு வரியைப் படமெடுத்து அனுப்பினார்கள்: ஆள் மாற்றித் தரப்படும், பணம் திரும்பத் தரப்படமாட்டாது. சரி, ஆளையாவது மாற்றினார்களா? 'நாளைக்கு வருவார்' என்று நான்கு நாள் சொன்னார்கள். வாசலில் குளிக்க வைத்ததைச் சொன்னதற்கு, 'பேஷன்டுக்கு என்ன மேடம் வெட்கம்?' என்றார் நடத்துபவர். அதன் பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இணையத்திலேயே மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என் கையில் ரசீது இல்லை என்பதால் ஜிபே விவரம், வாட்ஸப் உரையாடல், அந்த ஒப்பந்தம் எல்லாவற்றையும் அச்செடுத்துச் சேர்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவருக்கே இப்படி நடந்தால், அல்லது பக்கத்து வீட்டில் நடப்பது தெரிந்தால், மூத்த குடிமக்களுக்கான 14567 எண்ணுக்கு அழையுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.

ஆள் வைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, 'நர்ஸ்' என்ற வார்த்தையை நம்பி விடாதீர்கள். ஏஎன்எம் என்கிற துணைச் செவிலியர் படிப்பு இரண்டு வருடம், ஜிஎன்எம் என்கிற செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று வருடம். இரண்டுக்கும் நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் உண்டு, அதைக் கேளுங்கள். வருபவர் நர்ஸ் இல்லை, அட்டெண்டர் என்றால், ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்கிற நோயாளி உதவியாளர் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வேலைக்கு வருபவரைப் பற்றித் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க முடியும். மாதக் காசை மொத்தமாகக் கொடுக்காமல் வாரக் கணக்கில் பேசுங்கள். முதல் மூன்று நாளாவது லீவு போட்டுக் கூடவே இருங்கள். குளிக்க வைப்பதையும் எழுப்பி உட்கார வைப்பதையும் நின்று பாருங்கள். சொல்லாமல் ஒரு மதியம் வீட்டுக்கு வாருங்கள். ஆள் இல்லாத நேரத்தில் பெரியவரிடம் தனியாகக் கேளுங்கள், அவர் திக்கினாலும் காத்திருங்கள். அண்ணன் கேமரா வைக்கச் சொன்னான். அப்பா கூடாது என்றார். கட்டிலுக்கு நேராகக் கேமரா வைப்பதும் கேட்டைத் திறந்துபோட்டதைப் போலத்தான் என்று எனக்கும் பட்டது. வைக்கவில்லை.

இப்போது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒருவர் வருகிறார், முன்பு மருத்துவமனை வார்டில் வேலை பார்த்தவர். காலை நான்கு மணி நேரம், மாலை மூன்று மணி நேரம். மதியத்துக்குச் சித்தி வந்துவிடுகிறார், இரவு நான். புதிதாக வருகிறவர் முதல் நாள் கேட்டது அப்பாவிடம், என்னிடம் இல்லை: 'ஐயா, காபி குடிச்சிட்டுக் குளிக்கலாமா, குளிச்சிட்டுக் காபியா?' பாத்ரூமில் ஸ்டூல் போட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிவிட்டு, கழுவும் இடத்தை மட்டும் விலக்குகிறார். தண்ணீரைத் தன் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் அப்பாவின் நல்ல கையிலும் ஊற்றி 'சூடு சரியாங்களா?' என்கிறார். சட்டையை முடியாத இடது கையில் முதலில் மாட்டுகிறார், கழற்றும்போது அதைக் கடைசியாக. சோப்பு நுரையைப் போட்டுவிட்டு ரேசரை அப்பா கையில் கொடுத்துக் கண்ணாடியைப் பிடிக்கிறார். டயப்பர் பாக்கெட்டில் பாதி அப்படியே பீரோ மேல் கிடக்கிறது. இரவுக்கு யூரின் கேன் போதும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவைத்ததும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்ஸ் ஒருவர் இலவசமாக வந்து, எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று எனக்கும் சித்திக்கும் செய்து காட்டினார். இதை முதல் வாரமே கேட்டிருக்கலாம்.

பணம் இன்னும் வரவில்லை. போன வாரம் அப்பாவை மறுபரிசோதனைக்கு அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். லிஃப்ட் பக்கத்தில் அதே ஆள், சக்கர நாற்காலியில் ஒரு அம்மாவை வைத்துக்கொண்டு நின்ற பெண்ணிடம் கார்டு நீட்டிக்கொண்டிருந்தார். கார்டில் ஏஜென்சி பெயர் மாறியிருந்தது, ஃபோன் எண் பழையதுதான். அவர் நகர்ந்ததும் அந்தப் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொல்லி, என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவே கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார்.