டப்ளின் பப்கள்: காது சொல்லும் தீர்ப்பு

டப்ளினில் பாரம்பரிய பப் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எது ரொம்பப் பழையது?" எல்லோரும் கைகாட்டுவது பிரிட்ஜ் ஸ்ட்ரீட்டில் உள்ள பிரேசன் ஹெட்டை. பெயர்ப்பலகையில் தொடங்கிய ஆண்டு 1198 என்றே போட்டிருக்கிறார்கள். இப்போது நிற்கும் கட்டடமோ 1754-இல் குதிரைவண்டிப் பயணிகளுக்காக எழுப்பிய சத்திரம். நடுவில் உள்ள ஐந்நூற்றைம்பது ஆண்டுகளை நம்பிக்கைக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். முற்றம் அழகு, கதைகள் ஏராளம். ஆனால் பக்கத்து மேசையில் இருப்பவரும் உங்களைப் போலப் பலகையைப் படம் எடுக்க வந்தவராகவே இருப்பார்.

வயதை வைத்து பப்பைத் தேர்வு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே போனால் காதில் என்ன விழுகிறது என்பதுதான் என் அளவுகோல். அப்படிப் பார்த்தால் உண்மையான போட்டி இரண்டு பப்களுக்கு இடையில்தான்.

ஒன்று கிளாஸ்னெவினில் உள்ள ஜான் கவனா. ஊரார் வைத்த பெயர் 'கிரேவ்டிக்கர்ஸ்', அதாவது குழிவெட்டிகள். அயர்லாந்து அரசியல் தலைவர் டேனியல் ஓ'கானல் முயற்சியால் 1832-இல் திறந்த கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தின் பழைய வாசலை ஒட்டி, மறு வருடமே தொடங்கிய கடை. குழி வெட்டுகிறவர்கள் சுவரைத் தட்டினால் அந்தப் பக்கம் ஒரு பைண்ட் (பெரிய கிளாஸ்) பீர் போகும் என்பது பரம்பரைக் கதை. இன்றும் அதே குடும்பம்தான் நடத்துகிறது. பாட்டு கிடையாது, டிவி கிடையாது. தேய்ந்த மரத்தரை, இருபுறமும் ஆடும் கதவுகள், மனிதர்கள் பேசும் சத்தம், அவ்வளவுதான். கின்னஸ் என்ற கறுப்பு பீரை முக்கால் கிளாஸ் ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, மேலே நிரப்பித் தருவார்கள். அந்த இரண்டு நிமிடக் காத்திருப்பில் பக்கத்தில் நிற்பவரோடு பேச்சு தொடங்கிவிடும். பசித்தால் கோடில் உண்டு: சாசேஜ், பேக்கன், உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்டு வேகவைத்த டப்ளின் ஏழைவீட்டுச் சமையல். பார்க்க வெளிறி இருக்கும். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்கவும்.

எதிர் அணி, ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன். இங்கே இசைதான் எல்லாம். அதற்காக முன்பக்கம் மேடை இல்லை. முன் மூலையில் மேசையைச் சுற்றிக் கலைஞர்கள் உட்கார்ந்து ஃபிடில் (வயலின்), டின் விசில் என்ற தகரக் குழல், முழங்கையால் துருத்தி அழுத்தி வாசிக்கும் இல்லன் பைப்ஸ் என்று தங்களுக்குள் வாசித்துக்கொள்வார்கள். நாம் கேட்பது உபரி. அவர்கள் அருகில் சத்தமாக அரட்டை அடித்தால் முறைப்பு கிடைக்கும், அது நியாயமும்கூட. 2021-இல் இந்த இடத்தில் ஹோட்டல் கட்டும் திட்டம் வந்தபோது, எதிர்த்து ஊரார் சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்தது. ஒரு பப்புக்காக ஊர் தெருவில் இறங்குகிறது என்றால் அது வெறும் குடிக்கும் இடம் இல்லை.

இசைக்கு மெரியன் ரோவில் ஓ'டோனஹூஸும் உண்டு. 1962-இல் டப்ளினர்ஸ் என்ற நாட்டுப்புற இசைக்குழு உருவானது அங்கேதான், சுவரெல்லாம் அவர்கள் படங்கள். இடமும் வசதி, ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவுக்குப் பக்கம். ஆனாலும் காபிள்ஸ்டோனில் நடப்பது இன்றைய இசை, இங்கே நினைவின் பங்கு கொஞ்சம் அதிகம்.

கண்ணுக்கு விருந்து வேண்டுமா? லாங் ஹால் பப்பின் சிவப்பும் கண்ணாடிகளும் சரவிளக்கும் ஒரு பக்கம், 1895-இல் புதுப்பித்துக் கட்டிய ஸ்டேக்ஸ் ஹெட்டின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் சுவரில் மான் தலையும் மறுபக்கம். இரண்டும் விக்டோரியா காலத்து ஆடம்பரம். என் ஓட்டு லாங் ஹாலுக்கு, அதுவும் கூட்டம் சேராத மதிய வேளையில்.

பத்திரிகைக்காரர்களின் பப் என்றால் ஃப்ளீட் ஸ்ட்ரீட்டின் பேலஸ் பாரும் பூல்பெக் ஸ்ட்ரீட்டின் மல்லிகன்ஸும். ஐரிஷ் டைம்ஸ் ஆசிரியர் ஸ்மைலி தன் சபையைக் கூட்டியது பேலஸில். மல்லிகன்ஸுக்குப் பக்கத்தில் இருந்த ஐரிஷ் பிரஸ் நாளிதழ் 1995-இல் மூடிவிட்டது, பப் மட்டும் அலங்காரம் எதுவும் இல்லாமல் அப்படியே நிற்கிறது. அந்த அலட்சியத்துக்காகவே என் தேர்வு மல்லிகன்ஸ்.

சுற்றுலாப் பயணிகள் குவியும் டெம்பிள் பார் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊரிலேயே அதிக விலை, கையில் மைக்கோடு பாட்டு. ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு நகரலாம்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் பிற்பகலில் கிளாஸ்னெவின்: இலவசத் தாவரவியல் பூங்கா, கல்லறைத் தோட்டம், பிறகு பப். இரவு ஸ்மித்ஃபீல்ட், லுவாஸ் டிராமின் சிவப்புத் தடத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம், ஆல்கஹால் இல்லாத கின்னஸ் பரவலாகக் கிடைக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் மட்டும் நேரம் பார்க்கவும்: சட்டப்படி இரவு 9 மணிக்குமேல் அவர்களுக்கு பப்பில் இடமில்லை, மே முதல் செப்டம்பர் வரை 10 மணி.